வாய்ப்பன் டொக்டரும் நீலப் பெட்டியும்

ரொறன்ரோ மாநகரத்தில் என் கடை வாய்ப்பனைச் சாப்பிடுவதற்கு அல்லாமல் வேறு தேவைக்கு வாங்கிய ஒரே மனிதர் வாய்ப்பன் டொக்டர்தான். இதை நான் சும்மா சொல்லவில்லை. வாழைப்பழமும் மாவும் பிசைந்து, உருட்டி, பொன்னிறமாக நான் பொரிக்கிற வாய்ப்பனுக்கு ரெக்ஸ்டேலில் இருந்து பஸ் மாறி மாறி வெக்ஸ்போர்டில் இருக்கிற என் கடைக்கு வருகிற சனம் உண்டு. ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன்தான் நான். ஆனால் என் கைப்பக்குவத்துக்குப் பட்டம் தரப் பள்ளிக்கூடம் இன்னும் கட்டவில்லை.

அப்படிப்பட்ட வாய்ப்பனை இந்த மனிதர் வாங்குவார், யன்னலோர மேசையில் வைப்பார், பல்லுக்குத்தும் குச்சிகளை எடுத்து அதைச் சுற்றிக் குத்தத் தொடங்குவார். கொஞ்ச நேரத்தில் மேசையில் ஒரு முள்ளம்பன்றி இருக்கும். பார்க்கிற வாடிக்கையாளருக்குப் பசி போய்விடும்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டேன். "தம்பி, உது என்ன வேலை?"

"இதுதான் அண்ணை என்ர வேலை" என்றார்.

அவர் வைத்தியர் இல்லை. பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துப் புற்றுநோய் ஆராய்கிறவர். இது தெரியாமல் ஒரு அன்ரி தன் சீனி வருத்தத்து இரத்தப் பரிசோதனை றிப்போட்டை அவரிடம் நீட்டினா. "அன்ரி, நான் எலிக்குத்தான்" என்றார். "பரவாயில்லை ராசா, அதுக்குச் சொல்லுறதையே எனக்கும் சொல்லும்" என்றா அன்ரி.

அவருடைய ஆராய்ச்சியை எனக்கு விளங்கப்படுத்தியது என் கடைத் தேங்காய்ப்பால் சொதிதான். "அண்ணை, சொதியிலை எண்ணெய் தானாக வட்டமாச் சேருதெல்லே? அதுமாதிரி நாங்கள் சின்னச் சின்னப் புரதத் துண்டு செய்யிறம். அதின்ர ஒரு பாதிக்குத் தண்ணி பிடிக்காது. தண்ணியிலை விட்டால் அந்தப் பாதி உள்ளுக்கை ஒளிக்கும், மற்றது வெளியிலை நிக்கும். ஒருத்தரும் உருட்டத் தேவையில்லை. தானே உருண்டையாகும். தலைமயிரின்ர அகலத்துக்கை ஆயிரம் உருண்டை அடுக்கலாம்."

"ஆயிரத்தை ஆர் பொரிக்கிறது?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. குச்சியைக் காட்டினார்.

"இது புற்றுக்கட்டியின்ர அடையாளம். உடம்பிலை காவல்காரர் இருக்கினம். கட்டியை எங்கடை ஆள்தானே எண்டு விட்டிட்டுப் போயிடுவினம். ஒருத்தன் றோட்டிலை நிண்டால் ஆர் பாப்பினம்? ஒரே மாதிரிச் சேட்டுப் போட்டுக்கொண்டு நூறு பேர் வரிசையா நிண்டால் பொலிஸ் திரும்பிப் பாக்குமெல்லே. அதுமாதிரி அடையாளத்தை நெருக்கி அடுக்கிக் காட்டுறதுதான் இந்த உருண்டை. ஒருக்காத் திரும்பிப் பாத்தால் போதும். பிறகு அந்த அடையாளம் எங்கை இருந்தாலும் காவல்காரர் தேடிப் போய் அடிப்பினம்."

விசயம் விளங்கியது. ஆனாலும் குச்சி டப்பாவை எடுத்துக் கல்லாமேசை லாச்சிக்குள் ஒளித்துவிட்டேன். அடுத்த நாள் அவர் சொந்தமாக ஒரு டப்பா கொண்டுவந்தார்.

ஊரில் சண்டை முடிகிற கட்டம் அது. வன்னியில் சனம் செத்துக்கொண்டிருக்க, இங்கே எங்கள் சனம் சண்டையை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுன் வீதியில் கைகோர்த்து நின்றது. அவர்களுக்கு நான் என் வான் வண்டியில் சாப்பாடு ஏற்றிக்கொண்டு போவேன். அன்றைக்கு வழியில் டொக்டரையும் ஏற்றினேன். மடியில் ஒரு நீலப் பெட்டி, உள்ளே ஐஸ், ஐஸுக்குள் மருந்து. ஒரு கட்டிடத்தில் செய்ததை எலிகள் இருக்கிற மற்றக் கட்டிடத்துக்குக் கொண்டுபோகிறார்.

"இதுதான் அண்ணை கடைசி. இந்த முறையும் கட்டி சுருங்கேல்லையெண்டால் புறொஃபெசர் எல்லாத்தையும் மூடிப்போடுவார். ஐஸ் கரையமுந்திப் போகவேணும்."

போகிற மனிதர் போகவேண்டியதுதானே. எனக்குச் சோற்றுப் பார்சல் இறக்க உதவி செய்கிறேன் என்று பெட்டியை வான் பக்கத்தில் வைத்தார். அந்த நாட்களில் வானருகே இறங்குகிற எதையும் யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. கைக்குக் கை மாற்றி வரிசையின் கடைசிவரை அனுப்புவதுதான் வழக்கம். என் தண்ணீர்ப் பெட்டிகளும் நீலம். டொக்டர் திரும்பிப் பார்த்தபோது அவருடைய பெட்டி போய்விட்டது.

மனிதர் வரிசையோடு ஓடினார். "நீலப் பெட்டி எங்கை?" என்று கத்தினார். கோஷம் போட்டுப் பழகிய சனமெல்லே, "எங்கை, எங்கை" என்று திருப்பிச் சொன்னது. "அதைக் குடுங்கோ" என்றார். "குடுங்கோ, குடுங்கோ" என்றது வீதி. பின்னால் நானும் ஓடினேன். இந்தத் தொப்பையோடு நான் ஓடியதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்பிள்ளைதான் அவரை நிறுத்தியது. "அண்ணை, பெட்டிக்குள்ளை என்ன?"

"கான்சர் மருந்து, தங்கச்சி."

அவ்வளவுதான். அந்தச் சொல் வாய்க்கு வாய் ஓடியது. கோஷம் நின்றது. தூரத்தில் தலைகளுக்கு மேலால் நீலப் பெட்டி திரும்பி வந்தது. ஒருவர்கூட அதை நிலத்தில் வைக்கவில்லை. திறந்து பார்த்தால் ஐஸ் பாதி கரைந்திருந்தது; ஆனால் யாரோ உறைந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றை மருந்தோடு அணைத்து வைத்திருந்தார்கள். மூடிக்கு மேலே இரண்டு றோல்ஸ், என் கடை றோல்ஸ்தான், பேப்பரில் சுற்றியபடி.

டொக்டர் நகராமல் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார். "பாத்தியளே அண்ணை. இப்பிடிச் செய்யெண்டு ஒருத்தரும் ஓடர் குடுக்கேல்லை. தானாச் சேர்ந்துதுகள். இவ்வளவு பேர் நிண்டால் உலகம் திரும்பிப் பாக்கத்தானே வேணும்."

"உலகத்தை நான் பாக்கிறன். நீர் எலியைப் போய்ப் பாரும்" என்று தள்ளிவிட்டேன்.

சண்டை முடிந்தது. எப்படி முடிந்தது என்று நான் எழுதத் தேவையில்லை. கடையில் டிவி ஓடும், சனம் தேத்தண்ணீரை ஆறவிட்டுவிட்டு இருக்கும். அப்படி ஒரு நாளில் டொக்டர் வந்து கல்லாப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"என்ன தம்பி, எலியள்?"

மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார். "காவல்காரர் திரும்பிப் பாத்திட்டினம் அண்ணை. கட்டி சுருங்குது. எலிக்குச் சரிவந்தது மனிசருக்குச் சரிவருமோ தெரியாது. ஆனால் திட்டத்தை மூடேல்லை." பிறகு டிவியைப் பார்த்தார். "அங்கைதான் ஒருத்தரும் பாக்கேல்லை."

அன்றைக்கு அந்தக் கடையில் நல்ல செய்தி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு நின்றவரும் அவர்தான். சூடாக ஒரு வாய்ப்பன் கொடுத்தேன். முதல் தடவையாக, ஒரு குச்சியும் குத்தாமல், முழுதாகச் சாப்பிட்டார்.

அவர் குத்தாமல் சாப்பிட்டதைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை. லாச்சியைத் திறந்து, ஒளித்து வைத்திருந்த டப்பாவை எடுத்து, யன்னலோர மேசையில் வைத்தேன். அவர் வேறு நகரத்துக்கு வேலைக்குப் போய்க் கனகாலம். டப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறது. குச்சி குறைந்தால் நானே நிரப்பி வைக்கிறேன்.