என் அறைச் சுவருக்கு ஆறு முட்டு

இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இது எத்தனையாவது முடிவு என்று கேட்காதீர்கள். முடிவுகளுக்கு என்னிடம் பஞ்சமே இருந்ததில்லை.

விஷயம் ஒரு சுவர்.

நாங்கள் ஒரு பழைய வீடு வாங்கியிருந்தோம். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்ன பெரியவர்கள், கல்யாணம் பண்ணிக்கொண்டவன் பழைய வீட்டைப் பழுது பார்த்தால் என்ன ஆவான் என்பதைச் சொல்லாமலே போய்விட்டார்கள். சொல்லியிருந்தால் கல்யாணத்துக்கு ஒருவனும் வந்திருக்க மாட்டான், மாப்பிள்ளை உட்பட.

அந்த வீட்டின் முன்னறை என்னுடையது. அதாவது, என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்வேன். மூன்று நாற்காலி, ஒரு புத்தக அலமாரி, தெருவைப் பார்த்த ஜன்னல். நான் மூக்குக்கண்ணாடி விற்பவன். சாயங்காலம் கடையை மூடிவிட்டு நான் வந்து சேர்ந்ததும் என் இரண்டு நண்பர்களும் வந்துவிடுவார்கள். ஒருவன் ரயில் ஓட்டுகிறவன்; அவனுக்கு எஞ்சின் என்று பெயர். இன்னொருவன் மருந்துக் கடைக்காரன், மாத்திரை. மூவரும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் பேச்சு முடியவில்லை.

என் அறைக்கு அந்தப் பக்கம் சமையலறை. நடுவில் அந்தச் சுவர். டீ வேண்டுமென்றால் நான் சுவரில் இரண்டு தட்டு தட்டுவேன். என் மனைவி மூன்று டம்ளரைத் தட்டில் வைத்து, பின்பக்கக் கதவைத் திறந்து, நடையைச் சுற்றி, கூடத்தைக் கடந்து வருவாள். வைப்பாள். போவாள். அருமையான ஏற்பாடு. எனக்கு.

ஒரு காலையில் அவள் சொன்னாள்: "என்னங்க, இந்தச் சுவரை எடுத்துடலாம்."

"எதுக்கு?"

"சமையலறைல வெளிச்சமே இல்ல. உங்க ஜன்னல் வெளிச்சம் அங்க வரும்."

"சுவரை வச்சுத்தான் சித்திரம்னு சொல்லியிருக்காங்க!"

"சித்திரம் எங்க இருக்கு? போன வருஷத்துக் காலண்டர்தான் தொங்குது."

என் மனைவி தையற்காரி. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளை நான் பார்த்தது குறைவு. அவள் அளந்து பேசுவாள். நான் பேசி அளப்பேன். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

அவள் கெட்டிக்காரி என்பதை நான் மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்த முதல் மழையில் கூடத்தில் ஒழுகியது. கொத்தனார் வந்து, கூரை ஓடு முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார். அவள் அவரைக் கொஞ்சம் உட்காரச் சொன்னாள். ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலக்கினாள். ஏணி வைத்துக் கூரை மேல் ஏறி, ஒவ்வோர் இடமாக ஒரு சொம்பு ஊற்றினாள். கீழே நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பதாவது சொம்புக்கு என் நெற்றியில் நீலச் சொட்டு விழுந்தது. "இங்கதான்!" என்று கத்தினேன். ஒரே ஓர் ஓட்டில் விரிசல். ஒரே ஓர் ஓடு மாற்றினோம். கொத்தனார் அன்றைக்கு அவளைப் பார்த்த பார்வையில் ஒரு மாணவனின் பணிவு இருந்தது. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவனுக்குக் கிட்டப்பார்வை.

அவள் சுவரை எடுக்கச் சொன்ன அன்று சாயங்காலம் அவசரக் கூட்டம் போட்டேன்.

"சுவர் போனா என்னடா ஆகும்?" என்றான் எஞ்சின்.

"நாம பேசறதெல்லாம் அவளுக்குக் கேக்கும்."

நாங்கள் பேசுவதில் ஒரு ரகசியமும் இல்லை. அது வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் எங்கள் கவலை.

மாத்திரைதான் மருந்து கொடுத்தான். "பாரம் தாங்கற சுவர்னு சொல்லிடு. எடுத்தா வீடே உக்காந்துடும்னு சொல்லு. யாரும் கை வைக்க மாட்டாங்க."

"நீ சொன்னா தங்கச்சி நம்பாது," என்றான் எஞ்சின். "கொத்தனார் வாயால சொல்ல வை."

மறுநாள் கொத்தனாரைத் தனியே பிடித்தேன். ரசமட்டத்தைக் கை எட்டும்மட்டும் நீட்டி, கண்ணைச் சுருக்கி, குமிழி எங்கே நிற்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். எனக்கு வழி தெரிந்துவிட்டது. கடைக்குக் கூட்டிப் போனேன். கண்ணைச் சோதித்து நல்ல கண்ணாடியாக ஒன்று மாட்டிவிட்டேன். அவர் தன் உள்ளங்கை ரேகையைப் பார்த்து அசந்துபோனார். அந்த நேரம் பார்த்து விஷயத்தைச் சொன்னேன்.

"அது பாரச் சுவர்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"பொய்யா சார்?"

"பொய் இல்ல. கொஞ்சம் பூச்சு."

"பூசறதுதானே சார் நம்ம வேலை," என்று உடனே ஒத்துக்கொண்டார். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறாரே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து நாடகம் நடந்தது. கொத்தனார் புதுக் கண்ணாடியோடு வந்தார். சுவரை மேலே தட்டினார். கீழே தட்டினார். காதை வைத்துக் கேட்டார். வைத்தியர் மாதிரி நிமிர்ந்தார்.

"அம்மா, இது பாரம் தாங்கற சுவர். மொத்தக் கூரையும் இதும் மேலதான் உக்காந்திருக்கு."

நான் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டேன். "பாவம், நீ ஆசைப்பட்ட. என்ன பண்றது?"

என் மனைவி என் அறைப் பக்கம் வந்தாள். சுவரில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய விரிசல் ஓடியது. எந்தப் பழைய வீட்டிலும் இருக்கும் விரிசல். அதில் விரலை வைத்தாள்.

"அப்ப இந்த விரிசல்?"

"அதாம்மா எனக்கும் கவலை," என்றார் கொத்தனார். இது நான் சொல்லிக்கொடுக்காத வசனம்.

"முட்டுக் கொடுக்கணுமா?"

"கட்டாயமாக் கொடுக்கணும்மா."

"எத்தனை?"

"ஆறாச்சும் வேணும்."

மத்தியானத்துக்குள் என் அறைக்குள் ஆறு மரக்கட்டைகள் வந்து நின்றன. ஒவ்வொன்றும் தரையிலிருந்து உத்தரம் வரைக்கும். அறை நடுவில் ஒரு காடு முளைத்த மாதிரி இருந்தது. என் புத்தக அலமாரி கூடத்துக்குப் போனது. "அதோட கனம் சுவர்மேல சாயக் கூடாதுங்க," என்றாள் மனைவி, மிகுந்த அக்கறையோடு.

நண்பர்கள் வந்தார்கள். எஞ்சினுக்குத் தொந்தி கொஞ்சம் பெரிது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே நுழைந்தான். தொந்தி நுழைய யோசித்தது. ஒருவழியாக உட்கார்ந்தபோது அவன் இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு கட்டை நின்றது. மாத்திரையின் முகத்தில் பாதிதான் எனக்குத் தெரிந்தது.

"எந்தப் பாதிடா நீ பேசற?" என்றேன்.

எஞ்சின் வெடித்துச் சிரித்தான். அடுத்த நொடி மனைவி வாசலில் நின்றாள்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. சத்தமா சிரிச்சா சுவர் அதிரும்னு கொத்தனார் சொல்லியிருக்கார். பாரம் தாங்கற சுவர். விரிசல் வேற."

"ஐயோ, சரி தங்கச்சி," என்றான் எஞ்சின் கிசுகிசுப்பாக.

டீக்காகச் சுவரில் தட்டக் கையை ஓங்கினேன். நண்பர்கள் இருவரும் ஒன்றாக என் கையைப் பார்த்தார்கள். இறக்கிக்கொண்டேன்.

அன்று நாங்கள் ரகசியக் குரலில் பேசினோம். ரகசியக் குரலில் பேசிப் பார்த்தால்தான் தெரிகிறது, சொல்லத் தகுந்த விஷயம் எங்களிடம் எவ்வளவு குறைவு என்று. இரண்டாம் நாள் ஒரு பழைய பள்ளிக்கூடக் கதைக்கு மாத்திரை சிரிப்பை அடக்கப் போய், டீ புரையேறி, இருமலில் கட்டையில் முட்டிக்கொண்டான். மூன்றாம் நாள் எஞ்சின் ரயிலைக் காரணம் சொன்னான். நான்காம் நாள் யாரும் வரவில்லை. ஆறு கட்டைகளும் நானும் உட்கார்ந்திருந்தோம். வாழ்க்கை முழுக்க என் பொய்களுக்கு நண்பர்கள் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பொய் மட்டும்தான் உண்மையிலேயே முட்டு வாங்கிக்கொடுத்தது.

ஐந்தாம் நாள் சமையலறைக்குப் போனேன். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க."

"அந்தச் சுவர் பாரம் தாங்கல."

"தெரியும்."

"தெரியுமா?"

"வீட்டுக்கு வந்த முதல் வாரமே ஏணி வச்சுப் பார்த்தேன். சுவர் உச்சிக்கும் உத்தரத்துக்கும் நடுவுல என் கை போகுதுங்க. வீட்டுச் சுவரெல்லாம் ஒரு முழத்துக்கு மேல தடிமனா இருக்கு. இது ஒரு சாண்கூட இல்ல. யாரோ பின்னால வச்ச தடுப்பு."

"அப்ப கொத்தனார்?"

"நீங்க கண்ணாடி மாட்டிவிட்ட அன்னைக்குச் சாயங்காலமே வந்து சொல்லிட்டார். கண்ணாடியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னார், பாவம். 'அம்மா, கண்ணு தெரியாதவரைக்கும் தெரியல, இப்ப உங்க முகத்தைப் பாத்துப் பொய் சொல்ல முடியல'ன்னார். நான்தான், 'சார் கேட்டதையே சொல்லுங்க, கூட ஆறு முட்டு சேர்த்துச் சொல்லுங்க'ன்னேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"நேரடியாக் கேட்டிருக்கலாமே?"

"நீங்களா வந்து சொல்லணும்னு இருந்தேன்." கத்தியைக் கீழே வைத்தாள். "வெளிச்சத்துக்காக மட்டும் கேக்கலைங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து நாலு வீடு மாறிட்டோம். எல்லா வீட்லயும் நீங்க மூணு பேரும் சுவருக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நீங்க சிரிக்கற சத்தம் மட்டும் கேக்கும். எதுக்குச் சிரிச்சீங்கன்னு கேக்காது. டீ எடுத்துட்டுச் சுத்தி வர்றதுக்குள்ள சிரிப்பு முடிஞ்சிடும். சுவருக்குக் காது உண்டுன்னு சொல்வாங்க. இருபத்திரண்டு வருஷமா நான்தாங்க அந்தச் சுவர்."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன்.

"வெங்காயம் அங்க இருக்கு," என்றாள். "நீங்க வாசப்படில நிக்கறீங்க."

மறுநாள் கொத்தனார் சம்மட்டியோடு வந்தபோது, முதல் அடி நான்தான் அடிப்பேன் என்று அடம்பிடித்து வாங்கினேன். அடித்தேன். சுவர் அப்படியே நின்றது. என் தோள்தான் அசைந்தது. அவள் வந்து, "கீழ இல்லைங்க, மேல் வரிசை. பூச்சு உப்பியிருக்கே, அங்க," என்று விரலால் காட்டினாள். இரண்டாவது அடியில் நாலு செங்கல் உதிர்ந்தது. அந்த ஓட்டை வழியாக என் ஜன்னல் வெயில் ஒரு கோடாகப் போய் அவள் அடுப்பு மேடையில் விழுந்தது. அவள் அந்தக் கோட்டில் கையை நீட்டிப் பார்த்தாள். புதுத் துணியின் சாயத்தைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் அத்தனை நேரம் சும்மா நின்று நான் பார்த்ததே இல்லை.

மூன்று நாளில் வீடு வேறு வீடாகிவிட்டது. கழற்றிய முட்டுக்கட்டைகளையும் விட்டுவைக்கவில்லை. தச்சனைக் கூப்பிட்டு, தானே கோடு போட்டுக் கொடுத்து, நீளமாக ஒரு மேஜை செய்ய வைத்தாள். ஒரு முனையில் அவள் காய் நறுக்குவாள், மறுமுனையில் நாங்கள்.

நண்பர்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். எஞ்சின் தன்னுடைய மிகப் பெரிய கதையை எடுத்துவிட்டான். நாங்கள் வருஷக்கணக்காக விழுந்து விழுந்து சிரிக்கும் கதை. அவள் கவனமாகக் கேட்டாள். முடிந்ததும் எங்கள் மூவரையும் பார்த்தாள்.

"இதுக்கா அப்படிச் சிரிச்சீங்க?"

பிறகு அவள் ஒரு கதை சொன்னாள். ஒரே துணியில் இரட்டையருக்குச் சட்டை தைக்கப் போய், ஒருவனையே இரண்டு தடவை அளவெடுத்த கதை. தானும் தம்பியும் ஒரே அளவு என்று நிரூபிக்க, அண்ணன்காரன் சட்டையை மாற்றிக்கொண்டு தம்பியாக மறுபடி வந்து நின்றானாம். சட்டை வந்தபோது தம்பி அதற்குள் நீச்சல் அடித்தானாம். அந்த அண்ணன் வந்து நின்ற நிற்பை அவள் நடித்துக் காட்டியபோது மாத்திரை நாற்காலியிலிருந்து வழுக்கினான். எஞ்சினுக்குக் கண்ணில் தண்ணீர். நான் சிரித்த சிரிப்பில், சுவர் இருந்திருந்தால் தானாகவே விழுந்திருக்கும்.

அடுத்த வாரம் எஞ்சின், "தங்கச்சி, எங்க வீட்டுக் குளியலறைல தண்ணி கசியுது," என்று ஆரம்பித்தான். நீலத் தண்ணீர் வைத்தியம் அங்கேயும் போனது. மாத்திரை தன் கடை அலமாரிகளை எப்படித் திருப்பி வைக்கலாம் என்று காகிதத்தோடு வந்தான். அவள் நாடாவை எடுத்தாள். நான் எழுந்து டீ போட்டேன். யாராவது போட வேண்டுமே.

நேற்று அவள் தைத்த துணிகளைக் கொடுக்க வெளியே போயிருந்தாள். எனக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலிகளைத் துடைத்தேன். மூன்று டீ போட்டு வைத்தேன். புதிதாக ஒரு கதைகூடத் தயார் செய்திருந்தேன். மணி ஆறு. கதவு தட்டப்பட்டது. திறந்தேன். எஞ்சினும் மாத்திரையும் நின்றார்கள். இருவரும் என் தோளுக்கு மேலாக எட்டி மேஜையைப் பார்த்தார்கள்.

"தங்கச்சி இல்லையா?"

"வெளியே போயிருக்கா. நான் இருக்கேனே, உள்ள வாங்கடா!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பரவாயில்லடா. நாங்க நாளைக்கு வர்றோம்."