பத்திரமாக இருக்கும் பிறந்த தேதிகள்

2006ஆம் ஆண்டு ஏப்ரல் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, தாம்பரத்துக்குப் பக்கத்து நகராட்சி ஒன்றில் பிறப்பு இறப்புப் பதிவுக் கணினி முன்னறிவிப்பின்றிப் பணி ஓய்வு பெற்றது. எந்த நகராட்சி என்று கேட்கக் கூடாது. கேட்டால் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் தங்களுடையதுதான் என்பார்கள்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே முதல் ஆளாக நின்றவர் ஹனீஃபா. அஸ்தினாபுரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கால் பவர் பிசகினாலும் லென்ஸைத் திருப்பி அனுப்பிவிடுவார். மகள் மெஹ்னாஸை ஜூன் மாதம் எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். பள்ளியில் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள்.

கரண்ட் போய் வந்ததில் கணினி படுத்துவிட்டது. அதற்கென்று வாங்கிய யு.பி.எஸ்.ஸில் கண்காணிப்பாளர் பக்தவச்சலத்தின் மின்விசிறி மாட்டப்பட்டிருந்தது. விசிறி ஒரு நொடிகூட நிற்கவில்லை என்று விசாரணை அறிக்கை திருப்தி தெரிவித்தது.

"பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதிக் குடுங்களேன் சார்" என்றார் ஹனீஃபா.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் வந்த அன்னிக்கே எடைக்குப் போட்டாச்சு. இப்ப நாம முழுக்கக் கணினிமயம்" என்றார் பக்தவச்சலம், பெருமையோடு.

மூன்றாம் நாள், மென்பொருள் கம்பெனியிலிருந்து ஹேமநாத் என்ற இன்ஜினீயர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, இடுப்பில் இரண்டு செல்போன்.

"கவலையே படாதீங்க. பேக்கப் சி.டி. இருக்கு. டேட்டா அத்தனையும் என்க்ரிப்ட் பண்ணி, அதாவது ரகசிய எழுத்தா மாத்தி, பூட்டி வெச்சிருக்கோம். உலகத்துல யாராலயும் திறக்க முடியாது."

"நம்மாலயும்?" என்றார் பக்தவச்சலம்.

"நம்மாலயும்தான் சார். அதானே செக்யூரிட்டி!"

பூட்டைத் திறக்க பாஸ்வேர்டு வேண்டும். அது சீல் வைத்த உறையில் பீரோவுக்குள் இருந்தது. உறையைப் பிரிக்க ஆணை வேண்டும். ஆணை வர பதினேழு நாள் ஆனது. உறுப்பினர்கள் முன்னிலையில் அரக்கு உடைக்கப்பட்டது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. 'பாதுகாப்பு கருதி, மேற்படி கடவுச்சொல் கணினியிலேயே சேமித்து வைக்கப்பட்டுள்ளது.'

சீட்டில் கையெழுத்திட்டிருந்தவர் தட்சிணாமூர்த்தி. முந்தைய கண்காணிப்பாளர், போன வருடம் ஓய்வு பெற்று மாடம்பாக்கத்தில் இருந்தார். அரசுத் தரப்பில் அவருக்குக் கடிதம் எழுதுவதென்று முடிவாயிற்று. கடிதம் போய்ச் சேர்வதற்குள் மகள் கல்லூரிக்கே போய்விடுவாள் என்று நினைத்த ஹனீஃபா, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தானே போனார்.

"பாய், நான் ரகசியக் காப்பு உறுதிமொழி எடுத்தவன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் தட்சிணாமூர்த்தி.

"ஆபீஸுக்குத்தானே சார் சொல்றீங்க?"

"ஆபீஸ்ல இருந்தா ஆபீஸுக்குச் சொல்லலாம். இப்ப நான் பொதுமக்கள். பொதுமக்களுக்கு பாஸ்வேர்டு தெரிஞ்சிருக்கறதே குற்றம். அதனால எனக்குத் தெரியாது."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலை. தெரியாது."

ஹனீஃபா நான்கு முறை போனார். நான்கு முறையும் காபி கிடைத்தது.

இதற்கிடையே அலுவலக வாசலில் கூட்டம் தாங்கவில்லை. பொதுமக்கள் நலன் கருதி நகராட்சி ஓர் ஏற்பாடு செய்தது. பிறந்த தேதியை அவரவரே சொல்லலாம்; சொன்னபடி தற்காலிகச் சான்றிதழ் தரப்படும். கணினி பிழைத்து எழுந்ததும் சரிபார்க்கப்படும்.

அதிலிருந்து கூட்டம் இரண்டு மடங்காயிற்று. ஆனால் யார் முகத்திலும் கோபம் இல்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த கிட்டுவுக்கு முப்பத்தைந்து வயது. ஜன்னலை விட்டு நகரும்போது முப்பத்தொன்று. சந்தையில் மீன் விற்கும் அம்மணி கூடையை ஓரமாக வைத்துவிட்டு, "எனுக்கு அறுவது முடிஞ்சி போச்சி, எழுதிக்கோ நைனா. முதியோர் பென்சன் வாங்கணும்" என்றாள்.

"போன வருஷம் ரேஷன் கார்டுல அம்பத்திரண்டுன்னு இருந்துதே?"

"அத்த எழுதுனவன் என்னிய நேர்ல பாக்கல. நீ பாத்துகினு கீறே இல்ல?"

எழுதினார்கள்.

"நீங்களும் ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்களேன்" என்றாள் ஹனீஃபாவின் மனைவி ஜெய்னப்.

"இஷ்டத்துக்குச் சொல்ற தேதிக்கு ஒரு சர்ட்டிஃபிகேட்டா? நம்ம பிள்ளைக்கு ஒரிஜினல்தான்" என்று மறுத்துவிட்டார்.

மே மாதக் கடைசி வாரத்தில், தட்சிணாமூர்த்தி தானாகவே கடைக்கு வந்தார்.

"உறுதிமொழியை நேத்து மறுபடி படிச்சுப் பார்த்தேன் பாய். 'சொல்ல மாட்டேன், எழுத மாட்டேன்'னுதான் இருக்கு. சரி, அதை விடுங்க. எனக்குக் கண்ணைச் சோதிக்கணும்."

நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டார் ஹனீஃபா.

"மேல் வரி படிங்க சார்."

"பெரிய எம். சின்ன கே. நாலு. ஏழு."

பலகையில் எண்ணே கிடையாது. மேல் வரியில் இருந்தது ஒரே ஓர் ஆங்கில எழுத்து, இ.

"சார், அங்கே..."

"எனக்குத் தெரியறதைத்தானே நான் படிக்க முடியும்? அப்புறம் ஒரு நட்சத்திரம். பெரிய டி."

அது என்னவென்று ஹனீஃபாவுக்குப் புரிந்துவிட்டது. பரிசோதனைச் சீட்டை எடுத்து, வலது கண், இடது கண் என்ற கட்டங்களில் எழுத்து எழுத்தாகக் குறித்துக்கொண்டார். கண் பார்வை முழுத் தெளிவு என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார்.

தட்சிணாமூர்த்தி கண் சோதிக்கத் தன் கடைக்கு வந்ததை நகராட்சிக்குப் போனில் சொல்லிவிட்டு, சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். போகிற வழியில் பள்ளி. நாளைக்கே சான்றிதழ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று உள்ளே நுழைந்தார்.

"குழந்தை எப்போ பிறந்தா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"2003 ஜூன் நாலு, மேடம்."

"அடடா. மே முப்பத்தொண்ணுக்குள்ள மூணு வயசு முடிஞ்சிருக்கணும். நாலே நாள் இடிக்குதே. அடுத்த வருஷம் வாங்க. சர்ட்டிஃபிகேட்ல என்ன இருக்கோ அதுதான் சார் எங்களுக்கு."

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தார். அது கிளம்ப நேரமாயிற்று, அவரும் அவசரப்படவில்லை. யூனிஃபார்ம் துணி எடுத்தாயிற்று. சாப்பாட்டுக் கூடையை மெஹ்னாஸ் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

அலுவலகத்தில் வரிசை வாசல் வரைக்கும் நீண்டிருந்தது. சேதி கேட்டுக் கிட்டுவும் அம்மணியும்கூட வந்திருந்தார்கள். "ஹனீஃபா பாய் பாஸ்வேர்டு வாங்கிட்டு வந்துட்டாராம்" என்று யாரோ சொன்னதும் பேச்சு நின்றது. கிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மணி இடுப்பில் கைவைத்து, "ஊர்ல எவனும் கேக்காதத்த நீ ஏன்யா தேடிகினு அலையிறே? பேஜாரு புடிச்ச ஆளு!" என்றாள்.

பக்தவச்சலம் எழுந்தே நின்றுவிட்டார். இரண்டாயிரத்து நூறு தற்காலிகச் சான்றிதழ்களில் அவருடைய கையெழுத்து இருந்தது. பக்கத்தில் ஹேமநாத், விசைப்பலகையில் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சொல்லுங்க பாய்" என்றார் பக்தவச்சலம். "கிடைச்சுதா?"

ஹனீஃபா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"அவருக்குச் சுத்தமாக் கண்ணு தெரியலை சார்."

வரிசை மூச்சு விட்டது. பக்தவச்சலம் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். யாரோ ஹனீஃபாவை வரிசையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அம்மணியே பேனா வாங்கிக் கொடுத்தாள்.

"பாப்பா பிறந்த தேதி?"

"மே முப்பது."

"இருபத்தஞ்சுன்னு போட்டுடறேன் பாய். ஒரு பாதுகாப்புக்கு."

"போடுங்க சார்" என்றார், கால் பவருக்கு லென்ஸைத் திருப்பி அனுப்புகிறவர்.

அந்த ஆண்டு எல்.கே.ஜி.யில் சேர்ந்த அந்த ஊர்க் குழந்தைகளில் ஒன்றுகூட ஜூன், ஜூலையில் பிறந்ததில்லை. இதைக் கவனித்த மேலிடம் வியந்து, குடும்ப நலத்தில் ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் முன்மாதிரி நகராட்சி என்று கேடயம் வழங்கியது. விழாவில் ஊர் மொத்தமும் கைதட்டியது. பத்திரத்தின் மேல் பத்திரமாக இருக்கட்டும் என்று, பொதுமக்களின் ஒருமித்த கோரிக்கையை ஏற்று, அந்த சி.டி.க்கு ஹேமநாத் இரண்டாவதாக ஒரு பூட்டும் போட்டுக் கொடுத்தார். அதன் பாஸ்வேர்டை அவரிடம் யாரும் கேட்கவில்லை.