தொண்ணூற்றெட்டு சதவீத விஞ்ஞானி

சமையலறைக் குழாய் ஒழுகுவதை நிறுத்தத் துப்பில்லாதவன்தான் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புவான். நான் கிளம்பினேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. (கம்பி வளைந்திருந்தால் 'வளைந்திருக்கிறது' என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.) ஒருநாள் இணையத்தில் ஓர் அறிவிப்பு பார்த்தேன். பூமி இனி எவ்வளவு சூடாகும் என்று வெளிநாட்டு விஞ்ஞானிகள் கணக்குப் போடுகிறார்களாம். அந்தப் பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி, விருப்பமுள்ளவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவார்களாம். நம் கம்ப்யூட்டர் மாதக்கணக்கில் ஓடி ஒரு துண்டை முடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். சம்பளம் கிடையாது. ஆனால் அன்றிலிருந்து நான் விஞ்ஞானி.

கம்ப்யூட்டர் சூடாகக் கூடாது என்று ஹாலில் இருந்த டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். சித்திரை வெயிலில் என் மனைவி மகேஸ்வரி முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"இன்னாங்க, மனுசங்களுக்குக் காத்து வாணாமா?"

"பூமியே கொதிச்சிக்கினு கீது. உனக்கு உன் வேர்வைதான் பெருசா?"

(இதைச் சொன்னபோது அந்த ஃபேன் காற்றில் பாதி என் மேல் பட்டுக்கொண்டிருந்தது.)

கணக்கு தொண்ணூற்றெட்டு சதவீதத்தைத் தொட்டதும் தலைகால் புரியவில்லை. மகேஸ்வரியின் அண்ணன் குமாரை ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குக் கூப்பிட்டேன். அவருக்கு வள்ளூர் அனல்மின் நிலையத்தில் வேலை. விருந்தாளியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஆரம்பித்தேன்.

"நீங்க கரியக் கொளுத்தி உலகத்தச் சூடாக்குறீங்க மச்சான். நான் இங்க உக்காந்து காப்பாத்திக்கினு கீறேன்."

அவர் நிதானமாக எலும்பைக் கடித்தார். "சரி மாப்ள. இந்தப் பொட்டிக்குக் கரண்டு எங்கேர்ந்து வருது?"

மகேஸ்வரி சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. சாதனையைக் காட்டி அவர் வாயை அடைத்தே தீருவது என்று மவுஸைப் பிடித்தேன். திரையில் 'அப்டேட்' என்று ஒரு பட்டன். அதற்குச் சற்றுக் கீழே 'ரீசெட்' என்று இன்னொன்று. மேலே இருந்ததை அழுத்தப் போய்க் கீழே இருந்ததை அழுத்தினேன். சின்னதாக ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. விஞ்ஞானிக்குப் படித்துப் பார்க்க ஏது நேரம்? 'யெஸ்' அழுத்தினேன்.

தொண்ணூற்றெட்டு காணாமல் போனது. பட்டியலே காலி. மாதக்கணக்கில் மூச்சிரைக்க ஓடிய கம்ப்யூட்டர் சட்டென்று அமைதியானது.

"மிக்ஸி போட்டியா?" என்று மனைவி மேல் பாய்ந்தேன்.

"நான் இங்கதானே நின்னுக்கினு கீறேன்?"

"அப்ப வோல்டேஜு! மச்சான், உங்க ஆளுங்க பண்ற வேலைதான் இது!"

குமார் கையை நக்கிக்கொண்டே சொன்னார்: "லைட்டு எரியுது, ஃபேனு சுத்துது மாப்ள. எங்க ஆளுங்க கரெக்டாத்தான் கீறாங்க."

மகேஸ்வரி மட்டும் அவசரப்படவில்லை. "அது உங்கள ஒரு கேள்வி கேட்டுச்சு. நான் படிச்சேன். இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் பூடும், நிச்சயமான்னு கேட்டுச்சு. நீங்கதான் ஆமான்னீங்க."

"படிச்சவ சொல்லக் கூடாதா?"

"விஞ்ஞானியாச்சே, தெரிஞ்சுதான் அமுக்குறாருன்னு நெனச்சேன்."

அந்தத் திட்டக்காரர்களுக்கு உருக்கமாக ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன். உலகப் பருவநிலை ஆராய்ச்சியே என்னால் தடைப்பட்டுவிட்டது என்ற தோரணையில். உடனே பதில் வந்தது: கவலை வேண்டாம், அதே துண்டை வேறு சிலருக்கும் கொடுத்திருக்கிறோம், ஒருவர் எப்போதோ முடித்து அனுப்பிவிட்டார்.

ஆக, என்னைப் பூமி நம்பியிருக்கவே இல்லை. மகேஸ்வரி ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இன்றுவரை என் வீட்டில் நான் எதற்கும் 'ஆமா' சொல்ல முடியாது. போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர், "இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்தட்டா சார்?" என்றார். தலையாட்டினேன்.

எதிர்வரிசையிலிருந்து குமார் கத்தினார்: "நிச்சயமா மாப்ள?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. பாயசம் அடுத்த இலைக்குப் போய்விட்டது.