ஏட்டு கொண்டுவந்த கவர்

மறுபடியும் கதவு தட்டப்பட்டது.

"வீட்ல யாரும் இல்ல!" என்றாள் ஜன்னத் பீவி, ஜன்னலுக்கு உள்ளிருந்து.

"நீங்க இருக்கீங்களேம்மா?" வாசலில் ஏட்டு ஜோசப்ராஜ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் இல்லன்னுதான் சொல்றேன்!"

அவள் கணவர் பத்து வருஷமாகத் துபாயில் சூப்பர்வைசர். மகனையும் அனுப்பலாமென்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தாள். விசாரணைக்கு வந்த இந்த ஏட்டு, அன்றைக்கே எல்லாம் எழுதிக்கொண்டு போய்விட்டார். கையை நீட்டவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. மன்னார்குடி பஸ்ஸில் சங்கிலி பறிபோனபோது, புகார் எழுதவே ஒரு குயர் பேப்பர் வாங்கி வரச் சொன்ன கூட்டம் இது. சீரியலிலும் தினம் ஒரு போலீஸ்காரன் மேஜைக்கடியில் கை நீட்டுகிறான். வேலை முடிந்த பிறகு, இவர் மட்டும் மூன்று தடவை எதற்கு வருகிறாராம்?

"பாஸ்போர்ட் வராட்டிப் போகட்டும். சல்லிக்காசு தர மாட்டேன்!"

விடுவிடென்று மாடி ஏறினாள். அங்கே குடியிருந்த அப்சர்தான் ஊருக்குக் கேபிள் டிவி நடத்துகிறவன். யாரோ வீட்டுக் கல்யாண வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"அப்சரு, கேமராவை எடு. லஞ்சம் வாங்குற லட்சணத்தை ஊரே பார்க்கட்டும்."

"வம்பு வேணாம் லாத்தா…"

"அப்ப வாடகையை ஏத்தவா?"

ஒயர் கீழே இறங்கியது. நானூறு வீட்டு டிவியில் மாப்பிள்ளை மறைந்து, ஜன்னத் பீவியின் கூடம் தெரிந்தது.

ஏட்டை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் மின்னிய சிவப்பு விளக்கை அவர் கவனிக்கவில்லை. சட்டைக்குள்ளிருந்து பழுப்புக் கவர் ஒன்றை எடுத்து, கூச்சத்தோடு நீட்டினார்.

"ஸ்டேஷனுக்குத் தெரியக்கூடாதும்மா. உங்களால முடிஞ்சதை…"

அவ்வளவுதான். கவரைப் பிடுங்கிக் கேமராவுக்கு முன்னால் ஆட்டினாள்.

"பாருங்க எல்லாரும்! பணம் வைக்கக் கவரும் அவரே கொண்டாந்திருக்காரு!"

தெருவே வாசலில் திரண்டது. ஸ்டேஷன் டிவியில் பார்த்துவிட்டு, எஸ்.ஐ.யும் ஜீப்பில் வந்து குதித்தார்.

"இந்தாம்மா, கேமராவை நிறுத்துங்க. டிபார்ட்மென்ட் மானம் போவுது."

"நிறுத்த மாட்டேன்! சங்கிலியைத் தொலைச்சுட்டு நாள் பூரா பெஞ்சில உக்காந்திருந்தேனே, அன்னிக்கு எங்க போயிருந்துச்சு உங்க மானம்?"

கூட்டம் கை தட்டியது. எஸ்.ஐ. பல்லைக் கடித்தார்.

"யோவ் ஜோசப்ராஜ், என்னய்யா கேட்ட?"

"தனியா சொல்றேன் சார். கவரை மட்டும் இங்க பிரிக்க வேணாம்…" ஏட்டின் குரல் உள்ளே போயிற்று.

"பிரிடா அப்சரு!"

பிரித்தான். உள்ளிருந்த தாளை இரண்டு தரம் படித்தான். பிறகு அவள் காதருகே குனிந்து கிசுகிசுத்தான். மைக் அதையும் நானூறு வீட்டுக்குக் கொண்டுபோனது.

"லாத்தா, இது பயோடேட்டா. போலீஸ் வேலையை விட்டுட்டு வர்றேன், உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லித் துபாய்ல ஒரு வாட்ச்மேன் வேலை வாங்கிக் குடுங்கன்னு எழுதியிருக்காரு."