மார்ச் மாதத்து மகனும் குப்பை வண்டியும்

பாலிகரா,
ஜூன் 9

கர்த்தருக்குள் அன்பான டிம்ப்னா அக்காவுக்கு, தம்பி மாலக்கி எழுதிக்கொண்டது. ஜாம்பியாவில் நீயும் உன் மடத்துச் சகோதரிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதுவும் கன்னியாஸ்திரிக்கு எழுதும் பொய்.

உன் மருமகன் ஃபெர்கல் என் மானத்தை வாங்கிவிட்டான், அக்கா. நம் ஊர் ஹர்லிங் மட்டைப்பந்து அணியில் அவன்தான் கோல்கீப்பர். போன வருஷம் என் யூனா கடைசி நாட்களில் கிடந்தாளே, அந்த ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டுகிறோம் என்று சொல்லி, அணியில் பன்னிரண்டு பேர் உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல், மட்டையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்று காலண்டர் போட்டுவிட்டார்கள். போட்டதுதான் போட்டார்கள், தனியாகப் போட்டிருக்கக் கூடாதா? விளையாட்டுச் சங்கம் வருஷா வருஷம் போடுகிற காலண்டரில்தானே எந்த வாரம் கறுப்புத் தொட்டி, எந்த வாரம் பச்சைத் தொட்டி என்று குப்பை வண்டி நாள் இருக்கும்? அதையும் இதிலேயே அச்சடித்துவிட்டார்கள். அதனால் எந்த வீட்டிலும் கழற்ற முடியவில்லை. ஃபாதர் டெவேன் பிரசங்கத்தில் கிழி கிழி என்று கிழித்தார், பூசை முடிந்து வெளியே வந்த சனம், "எந்தக் கடையில கிடைக்குது?" என்று கேட்டது. ஒருநாள் ஃபாதரின் சமையலறைக்குப் போனால் அங்கேயும் தொங்குகிறது. "குப்பை நாள் தெரியணுமே, மாலக்கி" என்றார் மனுஷன். படத்தின் மேல் மட்டும் சூசையப்பரை ஒட்டி மறைத்திருந்தார்.

பன்னிரண்டு மாதத்தில் ஃபெர்கல் கேட்டு வாங்கியது மார்ச். அவன் அம்மா கண்ணை மூடிய மாதம், அக்கா! வேறு மாதமே கிடைக்கவில்லையா? மற்றவர்கள் மட்டையால் மறைத்தார்கள். இவன் மட்டை அகலம் போதாதென்று யூனாவின் ரொட்டித் தட்டைப் பிடித்திருக்கிறான். முப்பது வருஷம் நான் ரொட்டி தின்ற தட்டு! பெக் குயின்லன் தன் கடையில் பத்துப் பேர் முன்னால், "பந்து தடுக்கற கையாச்சே, பாங்கா மறைச்சிருக்கான் உன் புள்ள!" என்றாள். வீட்டுக்கு வந்து, "அம்மா இருந்திருந்தா இப்படிச் செய்வியாடா?"ன்னு கேட்டேன். "அம்மா இருந்திருந்தா எதுக்குப்பா செய்யப்போறேன்?"ன்னான். அன்னிக்கு விட்டுப்போச்சு பேச்சு. இப்ப நான் நாயைப் பாத்து "சாப்பாடு ஆறுது"ங்கறேன், அவன் நாயைப் பாத்து "வர்றேன்"ங்கறான். நாய்க்கு ரெண்டு பேர் மேலயும் வெறுப்பு வந்திருச்சு. இதுல குப்பை வேற. வாராவாரம் தப்பான தொட்டியை வெளிய வைக்கிறேன், வண்டிக்காரன் எடுக்காமப் போறான், வாசலெல்லாம் நாத்தம், பெக் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறா. எல்லாம் அந்தப் பாழாப்போன காலண்டர் செஞ்ச வேலை.

ஆகவே அக்கா, அடுத்த வருஷம் இந்தக் கூத்து கூடாது என்று சங்கத் தலைவருக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுது. அத்தை என்ற முறையில் ஃபெர்கலுக்கும் எழுது. அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும். சகோதரிகள் அனைவருக்கும் என் வணக்கம். உங்கள் ஜெபத்தில் எங்களையும், முக்கியமாக எங்கள் வாசலையும், நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மனம் நொந்த தம்பி,
மாலக்கி

பி.கு.: யாருக்கும் எழுதாதே அக்கா. ஒரு விஷயத்தை உன்கிட்ட மறைச்சுட்டேன். தொட்டி மாறிப்போறதுக்குக் காலண்டர் காரணமில்ல. ஜூன் பொறந்து ஒம்பது நாளாச்சு, எங்க சமையலறையில இன்னும் மார்ச்தான் தொங்குது. அவ போன இருபத்தொண்ணாம் தேதிக் கட்டத்துல, பொடி எழுத்துல "யூனா"ன்னு அச்சடிக்க வெச்சிருக்கான் ஃபெர்கல். ஊர்ல எல்லா வீட்டுச் சுவத்துலயும் அவ பேரு. எனக்குத் திருப்ப மனசு வரல. இன்னிக்குக் காலைல அவன் வந்தான், மார்ச்சைத் திருப்பாம ஓரத்தைத் தூக்கி அடியில ஜூனைப் பாத்தான், பழையபடி விட்டுட்டான். "நாளைக்குப் பச்சைத் தொட்டிப்பா"ன்னான். நாய்கிட்ட இல்ல, என்கிட்ட.