எதுவாரின் மாசற்ற மூச்சுக்குழாய்

மருத்துவ விஞ்ஞானத்தை ஒண்டிக்கு ஒண்டி நின்று தோற்கடித்த மாவீரர் புதுச்சேரியில் ஒருவரே. பிரெஞ்சுப் படையில் பியூகிள் ஊதி ஓய்வுபெற்ற முதலியார்பேட்டை எதுவார் அவர்கள்தான் அது.

பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினான்கு அணிவகுப்பில் இருபது வருஷமாக அவரேதான் ஊதுகிறார். அவருக்கு அதுதான் உயிர். ஆனால் ஆறு மாதமாக ஓர் இருமல். இருமினால் தெருநாய்கள் பதில் கொடுக்கின்றன. முன்னாள் படைவீரர் சங்கச் செயலாளர் ரஃபாயேல் 'மிகுந்த மனவேதனையுடன்' தீர்மானம் போட்டார்.

"முசியே, ஸ்கேன் ரிப்போர்ட் சுத்தமா இருந்தா நீங்க ஊதுங்க. இல்லன்னா வேற ஆளு."

சர்க்கரைப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே பாகற்காய் தின்று 'பாஸ்' ஆகிற பரம்பரை நம்முடையது. எதுவார் மட்டும் சளைத்தவரா? சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு ஸ்கேன் சென்டருக்குப் போனார். படமெடுக்கும் கார்குழலி முதல் வேலையாக அவற்றைக் கழற்றச் சொன்னாள்.

"ஐயா, ரெண்டு படம் எடுப்பேன். மொதல்ல மூச்ச இழுத்துப் புடிங்க. அடுத்ததுக்கு வேகமா வெளிய விடுங்க. விடும்போதுதான் மூச்சுக்குழாய் அமுங்குதான்னு தெரியும்."

விட்டால் தெரிந்துவிடுமாமே! எதுவார் விடுவாரா? முதல் படத்துக்குப் புடைத்த நெஞ்சு இரண்டாவதற்கும் இறங்கவில்லை.

"விடுங்க ஐயா... விடுங்க!" என்று கார்குழலி ஒலிபெருக்கியில் கெஞ்சியது வெளியே காத்திருந்த மனைவி லிலியானுக்கும் கேட்டது. எதுவாரின் முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. ராணுவம் பின்வாங்கவில்லை.

"இன்னொரு தடவ எடுக்கலாமா?"

"வேணாம்மா. கதிர்வீச்சு ஒடம்புக்கு ஆவாது."

ரிப்போர்ட் வந்தது. 'இரு படங்களிலும் மூச்சுக்குழாய் சுருங்கவில்லை' என்ற முதல் வரி வரைக்கும் தெரியுமாறு அதை மடித்து ரஃபாயேலிடம் நீட்டினார். சங்கம் கைதட்டியது.

ஜூலை பதினான்கு. கடற்கரை நினைவுச் சின்னத்தின் முன் எதுவார் கம்பீரமாக மூச்சை இழுத்தார். பியூகிளை வாயில் வைத்து ஊதினார். அரை ஸ்வரம் வந்தது. பிறகு குரைப்பு வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. தொண்டைக்குக் கீழே எதுவோ மூடிக்கொள்ள, தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐயோ, செத்தோம் என்றே நினைத்தார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மூச்சு திரும்பியது. ஓடிவந்த டாக்டர் ரிப்போர்ட்டைக் கேட்டார். லிலியான் கணவரின் சட்டைப் பையிலிருந்து எடுத்து, முதல் தடவையாக மடிப்பைப் பிரித்துப் படித்தாள்: 'நோயாளி மூச்சை வெளியே விட்டதாகத் தெரியவில்லை. மீண்டும் எடுக்கவும்.'

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அந்தப் பொண்ணு விடுங்க விடுங்கன்னு அவ்ளோ கெஞ்சிச்சே, அப்ப விடல. இத்தினி பேர் முன்னால எதுக்குங்க விட்டீங்க?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் மாவீரரிடம் மூச்சில்லை.