கரடியைப் படித்தவர்

உலகத்தில் கரடி எட்டு வகை என்கிறார்கள். கரடியைப் படித்தவர் ஒரே வகைதான். வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊர் நுவுக்தாலிக்குக்கு இதுவரை வந்த ஏழு பேரையும் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தவள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். வனவிலங்குப் பாதுகாப்பு அதிகாரியின் அறையில் இருபது வருடமாக மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்கு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதிகாரி மாறுவார். நானும் டீ கெட்டிலும் மாறுவதில்லை.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். ஆகஸ்ட் மாதம், நாங்கள் எல்லோரும் சட்டையோடு திரியும்போது, இவர் மூக்கு மட்டும் தெரிய விமானத்திலிருந்து இறங்குவார். முதல் வாரம் ஊரிலுள்ள நாய்களையெல்லாம் படம் பிடிப்பார். இரண்டாம் வாரம் எங்கள் மொழியில் 'நன்றி' கற்றுக்கொண்டு, குரைத்த நாய்க்கும் நன்றி சொல்வார். மூன்றாம் வாரம், தோளில் கரடி நகம் கிழித்த தழும்போடு நிற்கிற ஆளை நிறுத்தி, "கரடி ஊருக்குள்ள ஏன் வருதுன்னு தெரியுமா?" என்று கேட்டு, பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

ஏழாவதாக வந்தவர் வெண்டல் பிரிச்சர்ட். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். வீடு வீடாகப் போய்க் குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டுக் கொடுத்த மனுஷர். ஆனால் வாயைத் திறந்தால் "ஆய்வு என்ன சொல்லுதுன்னா..." என்றுதான் திறப்பார். துப்பாக்கி மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம். ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் கொண்டுபோய், கணப்பு அருகே வைத்து, எண்ணெய் பூசித் துடைப்பார். எங்கள் ஊர்க் கரடிக் காவல்காரர் ஜேபூட்டி தன் துப்பாக்கியைக் குளிர்ந்த வெளியறையிலேயே காயப் போட்டிருப்பார். "உள்ள கொண்டு போகாதீங்க ஆபீசர், வேர்த்துடும்" என்று ஒருமுறை சொன்னார். துப்பாக்கிக்கு வேர்க்குமா? வெண்டல் சிரித்துவிட்டார்.

அக்டோபரில் கடல் உறையத் தாமதமானது. கடல் உறையாவிட்டால், பனி மேல் போய் இரை தேட முடியாமல் கரடிகள் கரையிலேயே பசியோடு காத்திருக்கும். மேற்கு முனையில், கற்களுக்கு அடியில், குளிர்காலத்துக்காக வால்ரஸ் இறைச்சியைப் பதப்பட வைத்திருந்தோம். அந்த வாசனைதான் கரடியை அழைக்கிறது என்று வெண்டல் கண்டுபிடித்தார். ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டு, இறைச்சி முழுவதையும் எடுத்துத் தன் அலுவலகத்துக்குப் பின்னாலிருக்கும் இரும்புக் கண்டெய்னரில் பூட்டப்போவதாகச் சொன்னார். இருபது நிமிடம் பேசினார். நான் ஒரே வரியில் மொழிபெயர்த்தேன்.

ஜேபூட்டி எழுந்தார். "கரடி அங்க நின்னு மோந்து பாக்குது, கல்லைப் புரட்டுது, பொழுது போயிடுது. அங்க ஒண்ணும் இல்லேன்னா எங்க போகும்? வாசனை எங்க இருக்கோ அங்க வரும்."

"ஆய்வு என்ன சொல்லுதுன்னா, பூட்டின இரும்புப் பெட்டியைக் கரடியால திறக்க முடியாது. எல்லாருக்கும் சம்மதம்தானே?"

மன்றம் முழுக்க மூக்கைச் சுருக்கியது. எங்கள் ஊரில் புருவத்தைத் தூக்கினால் ஆமாம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. வெண்டல் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, அந்த நாத்தம் உங்களுக்கே தாங்கல!"

"அவங்க வேணாம்னு சொல்றாங்க சார்" என்றேன்.

"யாருமே வாயைத் திறக்கலையே, மினா!"

உத்தரவு போட்டாயிற்று. இறைச்சி கண்டெய்னருக்குப் போயிற்று.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். வருடத்துக்கு ஒன்பது கரடிதான் எங்கள் ஊர் வேட்டையாடலாம். யாருக்கு என்று சீட்டுக் குலுக்குவோம். தற்காப்புக்காகச் சுட்ட கரடியும் அந்தக் கணக்கில்தான் சேரும். அப்போது கடைசிச் சீட்டு ரத்தாகும். அந்த வருடம் ஒன்பதாவது சீட்டு விழுந்தது ஜேபூட்டியின் மகள் சாய்லாவுக்கு. அவளுக்கு அதுதான் முதல் கரடி.

நான்காம் நாள் காலை பத்து மணி. டீ கொதிக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தாய்க்கரடி, விலா எலும்பு தெரிய. பின்னால் ஒரு குட்டி. நேராகக் கண்டெய்னருக்கு வந்தன. வெண்டல் காலையில் வெளியறைக் குளிரில் வைத்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். விசையை அழுத்தினார். 'டிக்.' மறுபடியும் 'டிக்.' கணப்புச் சூட்டில் பிடித்த வேர்வையும் எண்ணெயும் சேர்ந்து, குளிரில் உள்ளே உறைந்திருந்தன. கரடி திரும்பிப் பார்த்தது. மனிதர் எப்படி ஏறினார் என்று தெரியவில்லை, கண்டெய்னர் மேல் இருந்தார். கீழே இறைச்சி, மேலே அதிகாரி. கரடி பின்னங்காலில் எழுந்து முன்கால்களை விளிம்பில் வைத்தது. அவருடைய பூட்ஸுக்கும் அதன் நகத்துக்கும் ஒரு சாண்தான். இதை இப்போது சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறேன். அப்போது ரேடியோவில் ஜேபூட்டியைக் கூப்பிட்டபோது அவர் பெயரையே மூன்று தடவை சொன்னேன்.

நாலு சக்கர வண்டியில் ஜேபூட்டி வந்து சேர்ந்தார்.

"சுடு! சுடு! சுட்டுத் தள்ளு!" கத்தியது யார்? பாதுகாப்பு அதிகாரிதான்.

கடமை கடமைதானே? ஜன்னலைத் திறந்தேன். "சுடச் சொல்றாரு அண்ணே."

"அவர் கையிலயும் துப்பாக்கி இருக்கே?"

"அது வெடிக்கலையாம்."

"அப்போ கரடிக்கு நல்ல நேரம்."

சொல்லிவிட்டு, கடற்கரைப் பக்கம் வழியைத் திறந்து விட்டு, ஊர்ப் பக்கம் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, எஞ்சினை உறுமவிட்டு மெல்ல மெல்ல நெருங்கினார். கரடியோடு தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். அது கீழே இறங்கிச் சீறி, பத்தடி அவரை நோக்கிப் பாய்ந்தது. அவர் துப்பாக்கி தோளுக்கு ஏறியது. விரல் விசையில். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெடிச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால், குட்டி கரையை நோக்கி ஓடுகிறது. தாய் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அதன் பின்னால் போகிறது.

மத்தியானம் ஜேபூட்டி வீட்டில் சீல் இறைச்சி சூப். வெண்டல் கரண்டி கரண்டியாக அவசரமாக அள்ளிக் குடித்தார்.

"மெதுவா குடிங்க ஆபீசர், மேல ஏறினப்ப இருந்த வேகம் இதுக்கு வேணாம்" என்றாள் ஜேபூட்டியின் மனைவி நாப்பாச்சி.

"ஏன் சுடலை? மகளோட சீட்டுக்காகவா?" என்று கேட்டார் வெண்டல்.

"அதுவும்தான்" என்றார் ஜேபூட்டி. "குட்டி இருக்கே, அதுக்காகவும்தான்."

"அது நிக்கலேன்னா?"

"சுட்டிருப்பேன். இன்னிக்கு நின்னுது. ஏன்னு எனக்குத் தெரியல."

வெண்டல் தலை குனிந்து அழுதார். வந்ததிலிருந்து ஒரு கேள்வி கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தது அன்றுதான். மறுநாள் இறைச்சியைத் தன் முதுகிலேயே சுமந்து கற்களுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். இனமே திருந்திவிட்டது என்று நானும் நம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அவருடைய அறிக்கையை மொழிபெயர்க்க எடுத்தேன். 'இறைச்சியை இடம் மாற்றிப் பார்த்த சோதனையின்போது வந்த கரடியை, அதிகாரி உயரமான இடத்திலிருந்து மேற்பார்வையிட, உள்ளூர் உதவியாளர் ஒருவர் விரட்டினார்.'

எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்து மன்றத்தில் வாசித்தேன். "உயரம் உண்மைதான்" என்றார் ஜேபூட்டி. மார்ச்சில் சாய்லா தன் கரடியை வேட்டையாடி ஊருக்கே பங்கு வைத்தாள். வெண்டல் மூன்று தட்டு சாப்பிட்டார், ஜூனில் தெற்கே போனார். இப்போது கரடிகளோடு வாழ்வது எப்படி என்று அங்கே வகுப்பு எடுக்கிறாராம்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, தெரியும். கரடியை நேரில் பார்த்ததுகூட இல்லை. இருந்தாலும், படித்துக்கொண்டு வரும்போதே, அந்த இறைச்சியை இங்கே வைக்காமல் அங்கே வைத்திருக்கலாமே என்று உங்களுக்கு ஒரு யோசனை வந்ததா இல்லையா? வந்தது என்றால் கிளம்பி வாருங்கள். எட்டாவது நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. டீ போட்டு வைக்கிறேன்.